சிவப்புக்குக் காராச்சேவு

கடவுள் இந்த உலகத்தைக் கறுப்பு வெள்ளையில்தான் படைத்தார். அதற்குக் கலர் போட்டது சிவகாசியில் எங்கள் ஆபீசில் இருந்த கண்டிசன் அக்கா. இதை யாராவது மறுத்தால், அவர்கள் அந்த ஆபீசில் ஒரு சீசன்கூட வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம்.

அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பட்டாசுக் கம்பெனியின் டவுன் ஆபீசில் ஆர்டர், ஸ்டாக், லோடு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. வெடிப் பெட்டிகளுக்குப் பெயர் சூட்டுவதும், லேபிளில் ஒரு வரி எழுதுவதும் என் வேலை. எதிரெதிர் மேசை. நடுவில் ஒரு மின்விசிறி. இருவருக்கும் பொது என்பதால் ஒருவருக்கும் காற்றுத் தராமல் நியாயமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு வெளியே எதிர்த்த அச்சகத்தின் மை வாசனை, அதற்கு மேல் வெயில், வெயிலுக்கு மேலும் வெயில்.

ஒரு நாள் மத்தியானம் அக்கா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். பேயைப் பார்த்த முகம்.

"தம்பி, இங்கன வாய்யா. இது தானா செவக்குது."

போய்ப் பார்த்தேன். கண்டிஷனல் ஃபார்மட்டிங். இந்த எண்ணுக்கு மேலே போனால் இந்த நிறம், கீழே இறங்கினால் அந்த நிறம் என்று ஒரு தடவை சொல்லி வைத்துவிட்டால் போதும். எண் மாற மாறக் கட்டம் தானாக நிறம் மாறும். நூறைத் தாண்டினால் சிவப்பு என்று எப்படியோ அமைந்துவிட்டிருந்தது. அக்கா நூற்றொன்று என்று அடித்தார், சிவந்தது. தொண்ணூறு என்று அடித்தார், வெளுத்தது. வெட்கப்படுகிற பெண்ணைச் சீண்டிப் பார்ப்பதுபோல அன்று சாயங்காலம் வரைக்கும் அதே வேலை. லோடு லாரிக்காரர் வாசலில் நின்று நின்று சலித்து, டீ குடித்து, தூங்கி எழுந்து, மறுபடி டீ குடித்தார்.

"நம்ம பக்கத்துல இல்லாட்டியும் இது பாத்துக்கிட்டே இருக்கும் போலய்யா" என்றார் அக்கா. அன்றிலிருந்துதான் அவர் கண்டிசன் அக்கா ஆனார். அந்தக் குரலில் கொஞ்சம் ஏக்கமும் இருந்தது. அதற்குக் காரணம் பேச்சி.

பேச்சி, அக்காவின் தங்கை. அச்சங்குளத்தைத் தாண்டி வேலிக்கருவைக் காட்டுக்கு நடுவே எங்கள் கம்பெனியின் ஆலை இருந்தது. அங்கே ஆறாம் நம்பர் அறையில் வெடிக்குத் திரி வைக்கிற வேலை. காலையில் கம்பெனி வேனை விட்டு இறங்கியதும் பேச்சியின் செல்போன் கேட்டில் ஒரு மரப்பெட்டிக்குள் போய்விடும். உள்ளே போன் கூடாது, செருப்புக் கூடாது, சாவிக்கொத்துக் கூடாது. ஒரு பொறி போதும். சாயங்காலம் வேன் திரும்புகிற வரைக்கும் தங்கை நன்றாக இருக்கிறாளா என்று கேட்க வழியே கிடையாது. ஊரில் எங்காவது ஒரு சத்தம் கேட்டால், அது கல்யாண வீட்டு வெடியாகவே இருந்தாலும், அக்காவின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நிற்கும். பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தட்டத் தொடங்கும். நாங்களும் ஒன்றும் பார்க்காததுபோல இருந்துகொள்வோம்.

வித்தை கைக்கு வந்த பிறகு அக்கா எதையும் விட்டுவைக்கவில்லை. கம்ப்யூட்டர் நிறங்களுக்கு வைத்திருந்த பெயர்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. சரவெடிச் சிவப்பு, சங்குச்சக்கர மஞ்சள், பென்சில் மத்தாப்புப் பச்சை என்று தானே பெயர் வைத்தார். ஆபீசுக்கு யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று ஒரு அட்டவணை. நேரத்துக்கு வந்தால் பச்சை, பிந்தினால் மஞ்சள். முதலாளியும் அதில் இருந்தார்.

"மொதலாளி, தப்பா எடுத்துக்கிடாதீக. நீங்க இன்னைக்கு மஞ்சளாயிட்டீக."

முதலாளி ஆடிப்போய்விட்டார். "என்னம்மா இது, ஏவாரம் பண்ணுதவன் பேர்ல மஞ்சளப் பூசி வச்சிருக்கீக? எவனாவது பாத்தா நான் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டேன்னுல்ல நெனைப்பான்."

"அப்ப வெள்ளன வாங்க மொதலாளி" என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மறுநாள் காலை நான் போனபோது முதலாளி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியில் அந்த நேரத்துக்கு ஒரு மனிதர் இருக்க முடியும் என்பதே எனக்குப் பெரிய அதிர்ச்சி.

அடுத்து என் கழுத்துக்கு வந்தார். ஒரு புஸ்வாணப் பெட்டிக்காக, 'இருளின் கூந்தலில் ஒரு கைப்பிடி விண்மீனை அள்ளிச் செருகுகிறது இந்த மண்சட்டி' என்று எழுதியிருந்தேன். இரவெல்லாம் புரண்டு எழுதிய வரி. அக்காவின் அட்டவணை எழுத்துகளை எண்ணி அதை மஞ்சளாக்கியது.

"பெட்டி உள்ளங்கை அகலந்தான்யா. ஒன் விண்மீன் வெளிய தொங்குது."

கூந்தலை வெட்டினேன். மஞ்சள். விண்மீனைக் கைவிட்டேன். மஞ்சள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு 'நன்றாக எரியும்' என்று அடித்தேன்.

"பச்ச" என்றார் அக்கா மனநிறைவுடன். "இதுக்குத்தான் ஒன்னைய மாதிரி ஆளு வேணுங்கது."

இந்த அலங்காரங்களில் உச்சம், விற்பனை அட்டவணை. எந்தச் சரக்குக்கு ஆர்டர் குவிகிறதோ அந்தக் கட்டம் சரவெடிச் சிவப்பாகும். சிவப்புக்கு எங்கள் ஊரில் அப்படி ஒரு மரியாதை. சரத்தைச் சுற்றுகிற தாள் சிவப்பு. லேபிளில் சிவப்பு அடித்தால்தான் சரக்குப் போகும் என்பது முதலாளியின் வேதம். வாரக் கடைசியில் எந்தச் சரக்கு சிவந்திருக்கிறதோ, அதைச் செய்தவர்களுக்கு ஆளுக்கொரு பொட்டலம் சாத்தூர்க் காராச்சேவு. இது அக்காவின் யோசனை. வேனில் சேவு வந்து இறங்கும்போது ஆலைக் கேட்டில் ஒரு சிறு தீபாவளி நடக்கும் என்று போர்மேன் சங்கரபாண்டி சொல்வார். சங்கரபாண்டி பேசத் தொடங்கினால் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திப் போட்ட மாதிரி. முடிகிற வரைக்கும் காதைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அக்காவின் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு அவர் எழுதிக் கொடுக்காத அடிமை. அவருடைய சர்க்கரை அளவுக்கும் ஒரு கட்டம் இருந்தது. ஒரு நாள் அது சிவந்துவிட்டது. சேதி அறிந்து மனிதர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"எனக்குச் செவப்பு வந்துருச்சாமே. சேவு எங்க?"

சிரித்தோம். முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தக் கேள்வியில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

தீபாவளிச் சீசன் இறுகியது. ஆலையில் ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. சட்டம் அப்படி, சீசன் வேறு மாதிரி. அக்காவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அறைவாரியாக ஓர் அட்டவணை போட்டார். சங்கரபாண்டி அவ்வப்போது தலையை எண்ணி, கேட்டில் இருக்கிற தன் போனில் எண்ணை ஏற்ற வேண்டும். அது உடனே இங்கே எங்கள் திரையில் தெரியும். நான்கு வரைக்கும் பச்சை. நான்கைத் தாண்டினால், கம்ப்யூட்டர் தானாக எடுத்து நீட்டிய நிறத்தையே அக்கா வைத்துவிட்டார். சிவப்பு.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரு ஜன்னல் கிடைத்தது. லோடு கணக்குக்கு நடுவே சட்டென்று அந்தப் பக்கம் போவார். ஆறாம் நம்பர் பச்சையாக இருக்கும். "மூச்சு விடுதா" என்று தனக்கே சொல்லிக்கொண்டு திரும்புவார். ஒரு சிறிய பச்சைக் கட்டத்துக்குள் தங்கை உட்கார்ந்து திரி வைத்துக்கொண்டிருப்பதை அவரால் பார்க்க முடிந்தது. கொஞ்ச நாளில் எனக்கும் தெரிந்தது.

முந்தின இரவு மழை பெய்து, காற்றில் ஈரம் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். முதலாளி லைசென்ஸ் வேலையாகச் சூலக்கரைக் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தார். நான் ஒரு ராக்கெட்டுக்குப் பெயர் தேடி முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்மேசையில் தட்டுகிற சத்தம் நின்றது. ஊரில் வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் நின்றுவிட்டது.

ஆறாம் நம்பர் சிவந்திருந்தது.

அக்கா சங்கரபாண்டியைப் போனில் பிடித்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"ஏலே சங்கரபாண்டி, ஆறாம் நம்பர் ஏன்லே செவந்து கெடக்கு?"

"பாத்துட்டீகளாக்கா? நானே போன் போடணும்னு இருந்தேன். அஞ்சுல கூர ஒழுகுச்சு, அங்கன இருந்த ரெண்டு பேரத் தூக்கி ஆறுல உக்கார வச்சேன், ஒடனே செவந்துருச்சு. ஒங்க தங்கச்சி ரூம்தாங்கா பர்ஸ்ட்டு. சோத்துக்கு வந்தப்ப எல்லாப் பிள்ளைகளும் போன்ல பாத்துட்டாக. எங்க ரூமுக்கும் செவப்பு வேணும்னு ஒரே சண்ட. இங்கன இருந்து ஆள எடுத்து அங்கன போட்டு மாத்திக்கிட்டே இருக்கேன். இந்தா, எட்டும் செவந்துருச்சு பாருங்க."

எட்டாம் கட்டம் எங்கள் கண் முன்னால் சிவந்தது.

"ஏலே, நான் சொல்லுதத..."

"பத்தும் வந்துருச்சு. இந்தத் தடவ சேவக் கொஞ்சம் கூட்டி அனுப்பச் சொல்லுங்கக்கா, அம்புட்டுப் பேரும் ஆசையா இருக்காக. வைக்கேன், உள்ள கூப்பிடுதாக."

போன் மரப்பெட்டிக்குள் போய்விட்டது. மறுபடி அடித்தால் அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளியின் போன் அணைந்திருந்தது. அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. ஊரில் இருந்த சிவப்பெல்லாம் அந்தத் திரைக்குப் போய்விட்டிருந்தது. தான் கற்ற வித்தையே தன் தங்கை அறையில் ஆளைக் கொண்டுபோய் அடைக்கும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்.

என் வண்டியில் போனோம். வேலிக்கருவை இரண்டு பக்கமும் பின்னால் ஓட, தீப்பெட்டி ஆலைகளின் தகரக் கூரைகள் வெயிலை எறிந்து எறிந்து பிடிக்க, அக்கா என் முதுகுக்குப் பின்னால் போனில் அந்த அட்டவணையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னும் செவப்புய்யா" என்றார் ஊர் எல்லையில்.

"இன்னும் செவப்பு" என்றார் மினி பஸ்ஸை முந்தும்போது.

பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது. வானத்தில் ஒரு பறவை திடீரென்று எழும்பினாலும் என் கை பிரேக்கைப் பிடித்தது.

கேட்டில் வாட்ச்மேன் தட்டை நீட்டினார். "போன், செருப்பு, சாவி."

அக்கா ஒரு கணம் போனைப் பார்த்தார். அது இல்லாவிட்டால் அவருக்குக் கண் இல்லை. தட்டில் வைத்தார். நான் ஓட ஆரம்பித்தேன். என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"ஓடாதய்யா. உள்ள ஒருத்தர் ஓடுனா எல்லாரும் ஓடுவாக. கையில மருந்தும் திரியுமா வாசல்ல முட்டுவாக. நட. சிரிச்சுக்கிட்டே நட."

ஆபீஸ் வாசலிலிருந்து தெருக்கோடி லாரியைக் குரலாலேயே நிறுத்துகிற பெண்மணி, லிஃப்டு மாதிரிப் படியேறுகிற பெண்மணி, அன்றைக்கு நடந்த நடை கோவிலுக்குப் போகிற நடை. வெறுங்காலில் மணல் சுட்டது. உதட்டில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு, அறை அறையாகத் தாண்டி, தலையசைத்துக்கொண்டு போனார். பின்னால் நான், அதே சிரிப்பை முகத்தில் நிறுத்த முடியாமல் தவறவிட்டுத் தவறவிட்டு.

ஆறாம் நம்பரில் பெண்கள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பேச்சி. மடியைச் சுற்றிலும் திரி வைத்தது, திரி வைக்காதது, குவியல் குவியலாக.

"என்னக்கா இங்கன? லோடுக்கு வந்தியா?"

அக்காவின் குரல் தொட்டிலை ஆட்டுகிற குரலாக வந்தது. அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பது அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

"சேவு வந்துருக்குடி. கையில உள்ளத மெதுவா கீழ வச்சுட்டு, ஒவ்வொருத்தியா வெளிய வாங்க. ஆளுக்கொரு பொட்டலம். அவசரமில்ல, நெறைய இருக்கு."

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். எட்டாம் நம்பருக்குப் போனார். அதே குரல், அதே சேவு. பத்துக்கும் போனார். சிவந்த அறைகளெல்லாம் காலியாகி, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அத்தனை பேரும் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்கக்கா சேவு?"

அக்கா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பேச்சியின் மணிக்கட்டை மட்டும் பிடித்திருந்தார்.

"விடுக்கா, கை வலிக்கி."

"இருடி."

சங்கரபாண்டி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். "என்னக்கா இது, சீசன் நேரத்துல எல்லாரையும் வெளிய கூட்டியாந்து..."

"நாலு பேருக்கு மேல போனா செவப்புன்னு வச்சேன்லே" என்றார் அக்கா. "ஆபத்துன்னு வச்சேன்."

பத்தாயிரம் வாலா நமத்துப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சங்கரபாண்டியின் வாய் திறந்தது, மூடியது, திறந்தது. கடைசியில், குழந்தையின் குரலில், "செவப்புக்குச் சேவுன்னு நீங்கதானக்கா சொன்னீக" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழையில்லை. அக்காவின் பார்வை மணலுக்குள் இறங்கிப் போயிற்று.

பேச்சிதான் வாயைத் திறந்தாள். "நல்லாருக்கு போ. பரிசுக்கும் செவப்பு, சாவுக்கும் செவப்பு. நாங்க எதக்கா நம்ப? எல்லாருக்கும் ஆசையக் காட்டி வெளிய கூப்பிட்டியே, சேவாவது வாங்கியாந்திருக்கலாம்ல."

சாயங்காலம் முதலாளி சூலக்கரையிலிருந்து திரும்பி வந்து குதித்தார். "ஒரு கட்டம் கலர் மாறுனதுக்கு லோட நிப்பாட்டுவீகளா? கட்டம்மா அது, வெறுங்கட்டம்."

"கட்டத்துக்குள்ள ஆளு இருக்காக மொதலாளி" என்றார் அக்கா.

முதலாளி, அக்காவோடு ஆபீசுக்கே வந்து நின்ற பேச்சியைப் பார்த்தார். மணிக்கட்டில் அக்காவின் விரல் தடம் இன்னும் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். "கூரைய நாளைக்கே மாத்தச் சொல்லுங்க" என்றார். பிறகு, "சேவு வாங்கி அனுப்பிருங்க, இல்லாட்டிப் பிள்ளைக நம்மள நம்பாது."

மறுநாள் காலையில் அக்கா திரைமுன்னால் தட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நம்ம ஊர்ல எதப் பாத்தா சனம் பயப்படும்?"

"தீயைப் பார்த்தா" என்றேன்.

"போய்யா, அதுலதான் சோறு திங்கோம்."

அந்த நேரம் எதிர்த்த அச்சகத்தில் மிஷின் திடுமென்று நின்றது. ஆட்கள் கூடினார்கள். லேபிள் தாளில் ஓர் இடத்தில் மை ஏறாமல் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக வந்துவிட்டது. அந்த வெள்ளையைச் சுற்றி நின்று அவர்கள் பார்த்த பார்வை சாவு விழுந்த துஷ்டி வீட்டில் பார்க்கிற பார்வை. ஒருவர் தலையில் கையே வைத்துவிட்டார். அக்கா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பித் தட்ட ஆரம்பித்தார்.

நான்கு பேர் வரைக்கும் பச்சை. ஐந்தாவது ஆள் உள்ளே காலை வைத்தால் வெள்ளை. எழுத்தும் வெள்ளை, எண்ணும் வெள்ளை. நம்பரோடு சேர்த்து அந்த அறையே இல்லாமல் போய்விடும். நாலைந்து நாளில் ஆபீஸ் போன் அலறியது.

"அக்கா, ஒம்பதாம் நம்பர் ரூமக் காங்கலக்கா." சங்கரபாண்டியின் குரல் நடுங்கியது.

"போய்ப் பாருலே, இருக்கான்னு."

கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்கப் போனுக்குத் திரும்பி வந்தார். "ஒரு பிள்ள கூடுதலா இருந்துச்சு, அனுப்பிட்டேன். ரூம் வந்துருச்சுக்கா, வந்துருச்சு."

அதற்குப் பிறகு நான் அங்கே இருந்தவரைக்கும் அறைகள் காணாமல் போனது அபூர்வம். போனாலும் டீ ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடும். அக்காவின் வீட்டுக்காரரும் ஒரு தடவை தன் கட்டம் வெள்ளையானதைப் பார்த்துவிட்டு, "என்னையவே காங்கலையே" என்று முணுமுணுத்தபடி பரோட்டாக் கடையைச் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனார்.

நான் இப்போது மதுரையில் இருக்கிறேன். அக்கா அதே மேசையில், அதே மின்விசிறிக்குக் கீழே. பேச்சிக்கு இன்னும் அந்த ஆறாம் நம்பர்தான். ஊரை விட்டுப் போனவர்களுக்கு அக்கா தனியாக ஒரு அட்டவணை வைத்திருக்கிறார். கடைசியாகப் பேசிய தேதியிலிருந்து ஒரு வாரம் தாண்டினால் கட்டம் வெளுத்துவிடும். வெளுத்த கொஞ்ச நேரத்தில் என் போன் அடிக்கும். நலமா, சாப்பிட்டாயா என்பதெல்லாம் கிடையாது.

"எங்கய்யா போன? ஒன்னையக் காங்கல."

அந்தக் குரலைக் கேட்பதற்காகவே, சில வாரம் நான் வேண்டுமென்றே வெளுத்துப்போகிறேன்.